குண்டின் விட்டமும் கொல்திறன் வாதமும்

இந்தியக் காலாட்படையின் கையிலிருந்த 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியை விலக்கி 7.62 மி.மீ. துப்பாக்கிகளைக் கொண்டுவருவது என்னும் முடிவு மூன்று ஒப்பந்தங்களால் உறுதிப்பட்டுவிட்டது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கும், 2021 டிசம்பரில் உத்தரப்பிரதேசத்துக் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுடன் தயாரிக்க 6,01,427 ஏ.கே. 203 துப்பாக்கிகளுக்கும், 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 சிக் 716 துப்பாக்கிகளுக்கும் அவை கையெழுத்தாயின. இம்முடிவை ஆதரித்து எழுதுவோரும் பேசுவோரும் கையிலெடுக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: 5.56 எதிரியைக் காயப்படுத்துவதற்கென்றே உருவான தோட்டா, 7.62 கொல்வதற்கென்று உருவான தோட்டா, ஆகவே படை மென்மையை விட்டு வன்மைக்குத் திரும்பியிருக்கிறது என்பது அது. நாளேட்டுக் கட்டுரையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, மெய்ப்பிக்கத் தேவையற்ற உண்மைபோல் இது நிலைத்துவிட்டது. துப்பாக்கிகளை மாற்றிய முடிவுக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். இந்த நியாயம் மட்டும் நிற்காது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வாதத்தின் பாதிக் குழப்பம் சொற்களிலேயே இருக்கிறது. தோட்டா என்பது பித்தளை அல்லது எஃகுக் கூடு, அதனுள் அடைத்த வெடிமருந்து, அடியில் பொருத்திய எரியூட்டி, நுனியில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த பொருள். இலக்கை நோக்கிப் பறப்பது குண்டு மட்டுமே. காலிபர் எனப்படுவது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். குழலின் உட்சுவரில் குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காக வெட்டப்பட்ட சுருள் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் இருக்கும், 7.62 என்பது எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட அளவு, ஆகவே அக்குழலில் செல்லும் குண்டின் விட்டம் அதைவிடச் சற்றுக் கூடுதலானது. இந்த ஒரே எண்ணைத் தாங்கி நிற்கும் தோட்டாக்கள் பல. ஏ.கே. 203-இல் இடப்படும் தோட்டாவின் கூடு 39 மி.மீ. நீளமுடையது, அதன் குண்டு சுமார் 8 கிராம், குழல்வாயில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 2,000 ஜூல். சிக் 716-இல் இடப்படும் தோட்டாவின் கூடு 51 மி.மீ., ஆற்றல் 3,300 ஜூலை ஒட்டியது. இரண்டையும் மேசைமேல் அருகருகே நிறுத்தினால் ஒன்று மற்றதன் தோளுயரத்துக்குத்தான் வரும். ஒன்றின் துப்பாக்கியில் மற்றதை இட முடியாது. இன்சாஸின் 5.56 தோட்டா ஏறத்தாழ 1,700 ஜூல் ஆற்றல் உடையது. ஆக, ஆற்றலை அளவுகோலாகக் கொண்டால் ஏ.கே. 203 நிற்குமிடம் சிக் 716-க்கு அருகில் அன்று, இன்சாஸுக்கு அருகில். இரண்டு 7.62-களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கொல்லும் தோட்டா என்று பெயரிட்டு அழைப்பதே ஆராயாமல் பேசுவதன் அடையாளம்.

5.56-இன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அதன் இலேசான குண்டு வேகத்தை நம்பி வாழ்வது. குழல் குட்டையானாலும் தொலைவு கூடினாலும் வேகம் தணிந்து, அதனுடன் அதன் விளைவும் தணிகிறது. மண்மூட்டை, செங்கல், மரம் இவற்றின் மறைவில் இருப்பவரிடம் அது எளிதில் சென்று சேராது. ஆப்கானிஸ்தானத்தின் மலைச்சரிவுகளில் 500 மீட்டருக்கு அப்பாலிருந்து சுடப்பட்ட அமெரிக்கப் படையினர் இக்குறையை நேரில் உணர்ந்தார்கள், காஷ்மீர எல்லைக் கோட்டின் உயரங்களில் 51 மி.மீ. தோட்டாவுக்கு உரிய இடம் உண்டு என்பதும் மெய். இன்சாஸ் நல்ல துப்பாக்கி என்று வாதிடவும் இங்கு நோக்கமில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னும் காயம், கொலை என்னும் பிரிவினை எங்கிருந்து வந்தது என்ற வினா அப்படியே நிற்கிறது.

அப்பிரிவினையின் கணக்கு எளிமையானது. ஒருவன் இறந்தால் எதிரிப் படையில் ஒருவன் குறைகிறான். ஒருவன் காயமுற்றால் அவனைத் தூக்கிச் செல்ல இருவர் தேவை, ஆகவே மூவர் குறைகிறார்கள். இன்சாஸ் படைக்கு வந்த 1990-களில் இக்கணக்கு அத்துப்பாக்கியின் சிறப்பாகச் சொல்லப்பட்டது. இன்சாஸ் போகும் காலத்தில் அதே கணக்கு அதன் குற்றமாகச் சொல்லப்படுகிறது: ஊடுருவி வரும் போராளி தன் தோழனைத் தூக்கிச் செல்ல நிற்பதில்லை, காயமுற்றவனும் சுட்டுக்கொண்டே இருக்கிறான், ஆகவே கொல்லும் தோட்டா வேண்டும் என்று. முன்னது புகழாகவும் பின்னது பழியாகவும் ஒலித்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையின்மேல் எழுந்தவை. அந்த நம்பிக்கைக்கு அன்றும் ஆதாரம் காட்டப்படவில்லை, இன்றும் காட்டப்படவில்லை. காயமுற்றவன் வலியைக் கூட்டல் கழித்தலாக்கும் இக்கணக்கு, அவன் காயமுற்ற அடுத்த சில நொடிகளில் என்ன செய்வான் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எதிரே நிற்கும் படைவீரனுக்கோ அந்த நொடிகள்தாம் உயிர்.

5.56 பிறந்த வரலாறு இக்கணக்கை நேராக மறுக்கிறது. கொரியப் போரின்போது, 1952-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு அலுவலகத்துக்காக நார்மன் ஹிட்ச்மன் தயாரித்த அறிக்கை, துப்பாக்கிச் சண்டை பெரும்பாலும் 300 கெஜத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றும், 100 கெஜத்துக்கு அப்பால் குறி தப்புவது விரைந்து கூடுகிறது என்றும் காட்டியது. தொலைவில் வீணாகும் ஆற்றலைக் குறைத்தால் தோட்டா இலேசாகும், உதைப்பு குறையும், அதே சுமையில் கூடுதல் தோட்டா எடுத்துச் செல்லலாம், கூடுதல் முறை குறி வைக்கலாம் என்னும் எண்ணப்போக்கு அதிலிருந்து வளர்ந்தது. 51 மி.மீ. தோட்டா ஒன்றின் எடை 24 கிராமை ஒட்டியது, 5.56 தோட்டா 12 கிராம். ஒரே சுமையில் ஒருவன் 100 தோட்டாவுக்குப் பதில் 200 சுமக்கிறான். எதிரியைக் கொல்லாமல் விடுவது என்னும் நோக்கம் இந்தச் சிந்தனையில் எங்கும் இல்லை. மாறாக, 1962-இல் வியட்நாமில் இச்சிறு குண்டைச் சுடும் புதிய துப்பாக்கியைச் சோதித்த அமெரிக்காவின் ஏஜைல் திட்டத்தின் அறிக்கை, சிறு குண்டு ஏற்படுத்திய காயங்கள் அச்சமூட்டும் அளவுக்குக் கொடியவை என்றே விவரித்தது. 1970-களில் ஸ்வீடன் முதலிய நாடுகள் இந்த அதிவேகச் சிறு குண்டுகள் மனிதாபிமானத்துக்கு ஒவ்வாத கொடுமை உடையவை என்று எதிர்ப்புத் தெரிவித்தன. 1979-இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு சிறு விட்டப் படைக்கலங்கள் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. மிகக் கொடியது என்று ஒரு காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட குண்டு, மிக மென்மையானது என்று மறு காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டது என்றால், குண்டைவிட அதிகம் மாறியது அதைப் பற்றிய பேச்சு.

இதில் இன்னும் பழைய இந்தியப் பாடம் ஒன்று உண்டு, கனத்த குண்டின் ஆதரவாளர்கள் அதை நினைவில் கொள்வதில்லை. 1895-இல் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலுக்குச் சென்ற ஆங்கிலேயப் படையினர், தங்கள் புதிய .303 துப்பாக்கியின் உலோக உறையிட்ட குண்டு பாய்ந்து மறுபக்கம் போய்விடுகிறதே தவிர எதிரியை வீழ்த்துவதில்லை என்று முறையிட்டார்கள். அதற்கு விடையாகக் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் முனையில் உறை நீக்கிய குண்டு செய்யப்பட்டது. உடலுக்குள் விரியும் அக்குண்டை 1899 ஹேக் மாநாடு தடைசெய்தது. அன்று வலுவற்றது என்று தூற்றப்பட்ட குண்டின் எடை ஏறத்தாழ 14 கிராம், இன்று கொல்லும் தோட்டா என்று போற்றப்படும் ஏ.கே. குண்டைவிட முக்கால் பங்கு அதிகம். விட்டமும் எடையுமே கொல்திறன் என்றால் சித்ரால் முறையீடு எழுந்திருக்கவே கூடாது.

காயத்தின் தன்மையைத் தீர்மானிப்பது எது என்பதை அமெரிக்கப் படை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980-களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ஆய்வகத்தில் விளக்கிக் காட்டினார். தசையை ஒத்த ஜெலட்டின் பாளங்களுக்குள் சுட்டுப் பார்த்தபோது, பழைய வகை 5.56 குண்டு 12 செ.மீ. ஆழத்தில் புரண்டு, உடைந்து, துணுக்குகளாகச் சிதறியது; எஃகு உள்ளீடு கொண்ட ஏ.கே. குண்டு ஏறத்தாழ 26 செ.மீ. வரை முனை முன்னோக்கியபடி நேராகச் சென்ற பிறகே புரண்டது. மார்புக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட கனத்தை நினைத்துப் பார்த்தால், அக்குண்டு புரள்வதற்கு முன்பே உடலைவிட்டு வெளியேறிவிடக் கூடும் என்பது புரியும். 51 மி.மீ. தோட்டாவில் கிடைத்த முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது: அமெரிக்கத் தயாரிப்புக் குண்டு புரண்டாலும் உடையாமல் சென்றது, மேற்கு ஜெர்மானியத் தயாரிப்பு உடைந்து சிதறிப் பெருங்காயம் செய்தது. இரண்டிலும் விட்டம் ஒன்று, கூட்டின் நீளமும் ஒன்று. வேறுபாடு உறையின் கட்டமைப்பில் இருந்தது. ஆகவே 5.56 காயப்படுத்தும், 7.62 கொல்லும் என்பது அளவையியலிலேயே தவறான கூற்று. குண்டு எங்கே பட்டது, என்ன வேகத்தில் பட்டது, எப்படிச் செய்யப்பட்டது என்னும் மூன்றையும் விட்டுவிட்டு, எந்த எண்ணைத் தாங்கியிருந்தது என்பதை மட்டும் அது கேட்கிறது.

இந்தியப் படைக்கு இதைக் கற்பிக்க அமெரிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை, யாழ்ப்பாணம் போதும். 1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு எதிரான பவன் நடவடிக்கை தொடங்கியபோது இந்திய அமைதி காக்கும் படையின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி; அது சுட்டது 51 மி.மீ. கூட்டுடைய முழு ஆற்றல் 7.62 தோட்டா, கனத்த குண்டின் ஆதரவாளர்கள் விரும்பும் அதே தோட்டா. விடுதலைப் புலிகளிடம் இருந்தவற்றில் முதன்மையானவை ஏ.கே. 47-உம் அதன் சீன வடிவமான டி 56-உம்; அவை சுட்டது 39 மி.மீ. கூட்டுடைய, ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குகூட எட்டாத தோட்டா. பனைமட்டை வேலிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் இடையே, எதிரி தென்படும் தொலைவு சில பத்து மீட்டர்களாகச் சுருங்கிய நிலத்தில், விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே குண்டு அனுப்பும் நீண்ட எஸ்.எல்.ஆர்., தொடர்ந்து சுடும் குட்டைத் துப்பாக்கிக்கு முன் பின்தங்கியது. வன்மையான தோட்டா மென்மையான தோட்டாவிடம் தோற்றது. இலேசான, தொடர்ந்து சுடக்கூடிய துப்பாக்கி வேண்டும் என்ற இந்தியப் படையின் தேடலைக் கூர்மையாக்கிய போர் இதுதான். இதே அனுபவத்தைச் சுட்டி, 7.62-இன் கொல்திறனுக்கு ஏ.கே.யே சான்று என்று இப்போது எழுதப்படுவது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவது. அங்கே இரு தரப்பாரும் சுட்டது 7.62 தான்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு எதிரான நிலத்தையும் எடுத்துப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் கழுவெளி ஏரியின் பக்கமாகவும் விரிந்து கிடக்கும் உப்பளங்கள், மரமோ மேடோ இன்றி, பாத்தியும் வரப்புமாகக் கண்ணுக்கெட்டியவரை தட்டையாக இருப்பவை. நெடுந்தொலைவுத் தோட்டாவுக்கு வாதாடுவோர் இப்படியொரு நிலத்தைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அந்த வெளியில் 300 மீட்டர் தள்ளி வரப்பின்மேல் நிற்கும் ஆள், கையை முழுதும் நீட்டி விரல்நுனியில் பிடித்த கல்லுப்பு ஒன்றின் உயரத்துக்கு மேல் தெரிவதில்லை. கணக்கிட்டால் மூன்றரை மில்லிமீட்டர்தான் வரும். 600 மீட்டரில் அதில் பாதி. பங்குனி வெயிலில் வெள்ளைப் பாத்திகளின் மேல் கானல் எழுந்து அந்த உருவத்தையும் அலைக்கழிக்கிறது, பிற்பகலில் கடற்காற்று குறுக்கே வீசுகிறது. அவன் அசையாமல் நிற்கப்போவதில்லை, வரப்பின் மறைவில் படுத்துவிடுவான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், அங்கே குறையாக இருப்பது குண்டின் ஆற்றலா, குறி வைப்பவனின் பயிற்சியும் அவன் கண்ணுக்கு உதவும் தொலைநோக்கிக் குறியும்தாமா என்பதில் ஐயம் இருக்காது. இத்தகைய திறந்த வெளியில் ஏ.கே. 203-இன் தோட்டா இன்சாஸ் தோட்டாவைவிடப் பின்தங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும்: அதன் வேகம் குறைவு, ஆகவே 300 மீட்டரில் அது கூடுதலாகத் தாழ்கிறது, காற்று அதைக் கூடுதலாக விலக்குகிறது. தொலைவுக்காக 5.56-ஐக் கைவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு படையின் பெரும்பகுதிக்கு 39 மி.மீ. தோட்டாவைக் கொடுப்பது தன்னைத் தானே மறுக்கும் செயல்.

தட்டை நிலத்தைவிட முக்கியமான மற்றொன்றையும் உப்பளக் கரை காட்டுகிறது. அங்கே உப்பை வாரிச் சேர்ப்பது மரப்பலகையால். இரும்பு உப்பில் தங்காது என்பது அளத்தில் இறங்கி வேலை செய்கிற எவருக்கும் தெரிந்தது. துப்பாக்கியும் இரும்புதான். .303 காலத்துத் தோட்டாவின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து குழலுக்குள் விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடு, கறியுப்பின் நெருங்கிய உறவு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சில நாட்களில் குழலை அரித்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதால் சுட்டு முடித்த படையினர் குழல் வழியே கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இட்டார்கள். ஒரு துப்பாக்கி நம்பகமானது என்று பெயரெடுப்பதும் கெடுவதும் இத்தகைய வேலைகளில்தான், விட்டத்தில் அன்று. 1960-களில் வியட்நாமில் எம் 16 துப்பாக்கி சுடும் நடுவே அடைத்துக்கொண்டு உயிர்களைப் பலிவாங்கியதற்குக் காரணம், சோதனைக்குப் பிறகு வெடிமருந்து மாற்றப்பட்டதும், தோட்டா அறைக்கு குரோமியப் பூச்சு இடப்படாததும், சுத்தம் செய்யும் கருவிகள் போதிய அளவு வழங்கப்படாததும் ஆகும். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்ற இச்சோர்ட் குழு விசாரித்தது இவற்றையே. குறைகள் நீக்கப்பட்டன, விட்டம் மாறவில்லை, அதன் வழித்தோன்றல் அரை நூற்றாண்டு கடந்தும் பயனில் இருக்கிறது.

இன்சாஸின் குற்றப்பட்டியலை இந்த வெளிச்சத்தில் படித்தால் உண்மை தெளிவாகும். 1999-இல் கார்கிலின் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி, விரிசல் விட்டது. சுடுபவரின் கண்ணில் எண்ணெய் தெறித்தது. 2005-இல் நேபாளத்துக் காளிகோட்டில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த நெடிய சண்டைக்குப் பின், துப்பாக்கி செயலிழந்துவிட்டதாக நேபாளப் படை குறைகூறியது. முறையாகக் கையாளவில்லை என்று இந்தியத் தரப்பு மறுத்தது. விரிசல் விட்டது பிளாஸ்டிக், தெறித்தது எண்ணெய், திணறியது இயக்க அமைப்பு. இம்மூன்றில் எதுவும் 5.56 என்னும் அளவினால் நேர்ந்ததன்று. வார்ப்பும் பொருத்தமும் தரச்சோதனையும் செய்த பிழையைத் தோட்டாவின் தலையில் சுமத்திவிட்டால், பிழை செய்த பட்டறையை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. தோட்டாவை மாற்றியதும் திருத்தம் நடந்துவிட்டது என்ற நிறைவும் கிடைத்துவிடுகிறது. கொல்திறன் வாதத்தின் உண்மையான தீங்கு இதுவே. பல ஆண்டுகளாக இந்நாட்டில் துப்பாக்கி பற்றி நடக்கும் பேச்சு, எண்களைப் பிடித்துக்கொண்டு வேலைத்தரத்தைக் கைநழுவவிட்டிருக்கிறது.

உலகின் போக்கைச் சான்று காட்டுவோரும் உண்டு. அமெரிக்கா 2022-இல் 6.8 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தது மெய். அதன் நோக்கம் வலுவான மார்புக்கவசத்தைத் துளைப்பது, காயமா கொலையா என்ற பழைய கணக்கு அன்று. அதற்காக அந்நாட்டுக் காலாள் சுமக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை 210-இலிருந்து 140-ஆகக் குறைந்ததைச் சான்று காட்டுவோர் சொல்வதில்லை. சோவியத் ஒன்றியம் 1974-இலேயே ஏ.கே. 74 துப்பாக்கியுடன் 5.45 மி.மீ. தோட்டாவுக்கு மாறிவிட்டது, ரஷ்யாவின் இன்றைய ஏ.கே. 12-உம் அதையே சுடுகிறது, சீனா 5.8 மி.மீ. அளவைத் தனக்கென உருவாக்கிக்கொண்டது. ஏ.கே. பிறந்த நாடு தன் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கிக்கு வேண்டாம் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கிய தோட்டாவை, வன்மையின் அடையாளமாக இந்தியா ஏற்றிருக்கிறது.

ஏ.கே.யின் புகழ் பொய்யன்று. தளர்வாகப் பொருத்திய இயங்கு பாகங்கள், குரோமியப் பூச்சிட்ட குழல், மணலிலும் சேற்றிலும் எளிதில் அடைத்துக்கொள்ளாத எளிய அமைப்பு, இவற்றால் வந்த புகழ் அது. உப்புக்காற்று வீசும் கரையில் காவல் நிற்கும் படையினனுக்கும் இவைதாம் வேண்டியவை. இத்தனை நற்பண்புகளும் 39 மி.மீ. தோட்டாவோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல என்பதற்கு ஏ.கே. 203-இன் உடன்பிறப்புகளே சான்று. கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் அதே 200 வரிசையில் ஏ.கே. 200 என்னும் துப்பாக்கி 5.45 தோட்டாவுக்கென்றும், ஏ.கே. 201 என்னும் துப்பாக்கி, இந்தியக் கிடங்குகளில் இன்சாஸுக்காகச் சேமித்து வைத்திருக்கும் 5.56 தோட்டாவுக்கென்றும் செய்யப்பட்டிருக்கின்றன.